சக்கரத்தின் முதுகில் ஒரு எண்

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். 2017-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரில் நாங்கள் நான்கு பேர், பின்னால் பைகள். மூன்றாவது வளைவிலேயே பின்பக்கத்திலிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கல் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். ஐந்தாவது வளைவில் மறுபடியும். ஏழாவது வளைவில் ரப்பர் கருகும் வாடை உள்ளே வந்துவிட்டது.

ஒன்பதாவது வளைவில், அணையைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்தும் லோம்ஸ் வியூவில், நானும் நிறுத்தினேன். அணையைப் பார்க்கவில்லை. பின் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டயரின் வெளித்தோளில், கத்தியால் கோடு கிழித்தது போல, சுற்றிலும் ஒரு வெட்டு. மேலே ஃபெண்டரின் உள்மடிப்பில் பெயின்ட் போய்த் தகரம் பளபளத்தது. வீல் ஆர்ச் முழுக்கக் கறுப்புத் தூள். டயர் வாங்கிப் 11 நாள்தான் ஆகியிருந்தது.

அன்று மேலே போகவில்லை. நண்பர்கள் இருவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பாரத்தைக் குறைத்துக்கொண்டு, மெல்ல இறங்கி வந்தேன். அந்த வெட்டு இன்னும் சில மில்லிமீட்டர் ஆழமாக இறங்கியிருந்தால், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்ற பாதையில் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. அலாய் வீல் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்களிடம் அகலம் பற்றியும் ஆஃப்செட் பற்றியும் பேசாமல் நான் விடுவதில்லை. இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான்.

என்ன தவறு செய்தேன்?

கார், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல் இந்தியாவுக்கு வந்த, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் சக்தி கொண்ட வண்டி. வேகமாக ஓட்டத் தூண்டும் சின்னக் கார். கம்பெனி கொடுத்த வீல் 15 அங்குலம், டயர் 185/60 ஆர்15. வீல் ஆர்ச்சுக்குள் சற்று ஒடுங்கிப் போய் நிற்கும். அதுதான் கண்ணை உறுத்தியது. ஒரு கடையில் 17 அங்குல வீலைக் காட்டினார்கள். “அஞ்சு போல்ட்டு, போலோவுக்கு அப்படியே உக்காரும் சார்” என்றார்கள். உட்காரவும் செய்தது. வெளியே நின்று பார்த்தபோது அழகாகவும் இருந்தது. வீலின் பின்புறம் என்ன எண் பொறித்திருக்கிறது என்று நான் திருப்பிப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள், மேட்டுப்பாளையம் ரோட்டில் எனக்குப் பழக்கமான அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் அண்ணன் முப்பது வருஷமாகச் சக்கரத்தோடு வாழ்கிறவர். வீலைக் கழற்றிக் கவிழ்த்தார். பழைய துணியால் ஆரக்காலின் பின்புறத்தைத் துடைத்தார். ‘17 x 8ஜே, இடி 25’. பிறகு டிக்கியில் கிடந்த என் பழைய வீலைத் திருப்பினார். ‘6ஜே x 15, இடி 40’.

“தம்பி, கம்பெனிக்காரன் அஞ்சு மில்லி மாத்தறதுக்கே கணக்குப் போட்டிருப்பானுங்க. நீங்க ஒரேயடியாப் பதினஞ்சு எறக்கிப் போட்டுட்டீங்களே” என்றார்.

அந்த எண்களுக்கு என்ன பொருள்? ரிம் அகலம் என்பது டயரின் விளிம்பு உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள தூரம், அங்குலத்தில். ‘ஜே’ என்ற எழுத்து விளிம்பின் வடிவத்தைக் குறிக்கிறது. வெளி உதடுகளையும் சேர்த்து அளந்தால் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாக வரும். ஸ்கேலை வைத்து அளக்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். ‘இடி’ என்பது ஜெர்மன் மொழியில் இந்த அளவுக்கு இருக்கும் சொல்லின் சுருக்கம். வீலை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டிலிருந்து, வீல் காரின் ஹப்போடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். எண் பெரிதானால் சக்கரம் காருக்குள் போகும். எண் சிறிதானால் வெளியே வரும்.

அண்ணன் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினார். அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால், ஹப்பிலிருந்து சக்கரம் எவ்வளவு உள்ளே போகிறது என்பது வரும். பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் எவ்வளவு வெளியே வருகிறது என்பது வரும். என் பழைய வீலின் பாதி 76.2 மி.மீ. 40-ஐக் கழித்தால் வெளியே 36.2. புது வீலின் பாதி 101.6. 25-ஐக் கழித்தால் 76.6. ஒவ்வொரு பக்கமும் நான் சக்கரத்தை 40 மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறேன். நான்கு சென்டிமீட்டர்! தனியாக ஓட்டும்போது தெரியவில்லை. நான்கு பேர் ஏறி, பின்பக்கம் தாழ்ந்து, வளைவில் வண்டி சாய்ந்தபோது ஃபெண்டரின் மடிப்பு கத்தி போல டயரில் இறங்கியது.

கம்பெனியின் அட்டவணையே ஆசான்

அந்தக் கடையில் உட்கார்ந்து இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். ஐரோப்பாவில் அதே தலைமுறை போலோவுக்கு ஃபோக்ஸ்வாகன் மூன்று அகலங்களில் வீல் கொடுத்திருந்தது. 14 அங்குலத்துக்கு 5ஜே, இடி 35. 15-க்கு 6ஜே, இடி 40. 16-க்கும், 17 அங்குல ஜிடிஐ வீலுக்கும் 7ஜே, இடி 46. அகலம் ஓர் அங்குலம் கூடும் ஒவ்வொரு முறையும் ஆஃப்செட்டும் ஐந்தாறு மில்லிமீட்டர் கூடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6ஜேயிலிருந்து 7ஜேக்குப் போகும்போது வீல் வெளிப்பக்கம் 6.7 மி.மீ. மட்டுமே வருகிறது, உள்பக்கம் 18.7 மி.மீ. போகிறது. கூட்டிய அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை இன்ஜினீயர் உள்ளே தள்ளியிருக்கிறார். ஃபெண்டருக்கு வெளியே வீலை நிறுத்தி அழகு காட்ட அவருக்கும் வழி இருந்தது. ஆனால் டயரின் வெளிவிளிம்பு எதுவரை வரலாம் என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். அதைத் தாண்ட அவர் விரும்பவில்லை.

இந்த அட்டவணை நம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பாடம். உங்கள் கார் எதுவானாலும், அதே மாடலின் வேகமான பதிப்புக்குக் கம்பெனி என்ன அகலம், என்ன ஆஃப்செட் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் சோதனை ஓட்டம் அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆனால் ஒரு காரின் எண் இன்னொரு காருக்கு உதவாது. 2005-ன் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, அதே காலத்து மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9: இரண்டும் ராலி உலகில் நேருக்கு நேர் மோதிய பரம்பரை. இரண்டுக்கும் 17 அங்குலம், 8ஜே வீல், 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை. அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். சுபாருவின் ஆஃப்செட் 53. மிட்சுபிஷியின் ஆஃப்செட் 38. நடுவில் 15 மி.மீ. வித்தியாசம். ஹப்பின் நடுத்துளையும் ஒன்றுக்கு 56.1, மற்றதுக்கு 67.1. “அஞ்சு போல்ட்டு, உக்காரும்” என்ற சொல் எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வெளியே தள்ளினால் கெடுவது ஃபெண்டர் மட்டுமா?

ஃபெண்டரில் உரசுவது கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு ஸ்டீயரிங்கில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீல் விற்கும் இடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

முன்சக்கரம் திரும்பும்போது ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்ட்ரட்டின் தலையிலிருந்து கீழே பால் ஜாயின்ட் வழியாக ஒரு கோடு இழுத்துத் தரை வரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்கும், டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்கிறார்கள். கோடு டயர் நடுவுக்கு வெளிப்பக்கம் விழுந்தால் நெகட்டிவ். உள்பக்கம் விழுந்தால் பாசிட்டிவ்.

1972-ல் வந்த ஆடி 80 காரில் வேண்டுமென்றே நெகட்டிவ் ஸ்க்ரப் வைத்தார்கள். காரணம் பிரேக். முன்சக்கர இழுவை கொண்ட கார்களில் பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரிப்பது வழக்கம்: ஒரு பாதையில் முன் வலதும் பின் இடதும், மற்றதில் முன் இடதும் பின் வலதும். ஒரு பாதை பழுதானால் முன்னால் ஒரு சக்கரம் மட்டுமே பிடிக்கும்; வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நெகட்டிவ் ஸ்க்ரப் இருந்தால், பிடிக்கிற சக்கரம் தானாகவே எதிர்த் திசையில் லேசாகத் திரும்பி, அந்த இழுப்பைச் சமன் செய்யும். ஒரு பக்கச் சக்கரம் ரோட்டோர மணலிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் போட்டாலும் இதே பாதுகாப்புதான். நம் ஊர் நெடுஞ்சாலை ஓரங்களில் இது அன்றாடம் நடப்பது.

நான் ஆஃப்செட்டை 40-லிருந்து 25-க்கு இறக்கியபோது டயரின் நடுக்கோடு 15 மி.மீ. வெளியே போனது. ஸ்க்ரப் ரேடியஸும் அதே அளவு பாசிட்டிவ் பக்கம் நகர்ந்தது. அந்த 11 நாளில் ஸ்டீயரிங் கனத்ததும், ரோட்டில் லாரிகள் அழுத்திய தடத்தைக் கண்டால் வண்டி அதன் போக்கில் இழுத்ததும், இரண்டாவது கியரில் அழுத்திப் பிடித்தால் கைப்பிடி இடமும் வலமும் துடித்ததும் இதனால்தான். டயர் அகலமானதால் வந்த ‘ஸ்போர்ட்டி’ உணர்வு என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஹோண்டா இதை எப்படிப் பார்த்தது என்பதைக் கவனியுங்கள். 2017-ன் சிவிக் டைப் ஆர், 320 பிஎஸ் சக்தியை முன்சக்கரங்களுக்கு மட்டுமே கொடுக்கும் கார். அதற்காக, திரும்பும் அச்சைச் சக்கரத்தின் நடுவுக்கு அருகே கொண்டுவரும்படி முன் சஸ்பென்ஷனையே தனியாக வடிவமைத்தார்கள். அதற்கு ஏற்ற வீல் 20 அங்குலம், 8.5ஜே, இடி 60. அடுத்த தலைமுறை 2022-ல் வந்தபோது அகலத்தை 9.5ஜே ஆக்கினார்கள், டயரை 245-லிருந்து 265 ஆக்கினார்கள், வீலை 19 அங்குலமாகக் குறைத்தார்கள். ஆஃப்செட்டை மட்டும் அதே 60-ல் வைத்துக்கொண்டு, கூடிய அகலத்துக்காகக் காரின் உடலையே அகலமாக்கினார்கள். டயரின் நடுக்கோட்டை நகர்த்தாமல் இருக்கக் காரின் உடல் தகடுகளையே மாற்றியிருக்கிறார்கள்.

பேரிங்குக்கும் இதே கதிதான். டயரின் நடுக்கோடு பேரிங்குக்கு நேராக வரும்படி காரை வடிவமைப்பார்கள். சக்கரம் வெளியே போகப் போக நெம்புகோல் நீள்கிறது. குண்டு பேரிங்கின் ஆயுள் அதன் மேல் விழும் பாரத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். பாரம் இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒன்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் ‘ஊம்ம்’ என்று கேட்கும் சத்தத்தோடு கடைக்கு வருகிற பல கார்களில், காரணம் ஆரக்காலின் பின்புறத்தில் எழுதியிருக்கும்.

அகலம் எதற்கு?

இவ்வளவும் படித்துவிட்டு, வீலையே மாற்றக் கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை. ரிம் அகலம் வேகமான காருக்கு உண்மையான வரம். அதை நான் என் கண்ணால் பார்த்த இடம் செட்டிப்பாளையம்.

கோவையில் ரேஸிங்கை வளர்த்த கரிவரதனின் பெயரால் 2003-ல் தொடங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர் ஓடுபாதை. பழைய 15 அங்குல வீலை மறுபடி மாட்டிக்கொண்டு அங்கே ஒரு நாள் ஓட்டினேன். கூட வந்த பையன் ஒரு வேலை செய்தான். வெள்ளைச் சாக்பீஸால் டயரின் தோளில், ஓடும் பரப்பிலிருந்து பக்கச்சுவர் வரை, நான்கு இடங்களில் பட்டையாகக் கோடு போட்டான். ஆறு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம். தோளில் டயர் கம்பெனி ஒரு சின்ன முக்கோணக் குறி வைத்திருப்பார்கள். சாக்பீஸ் அந்தக் குறி வரை அழிந்திருந்தால் சரி. எங்கள் முன்டயரில் குறியையும் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. அதாவது வளைவில் டயர் தன் அடிப்பரப்பில் நிற்காமல், மடங்கிப் பக்கச்சுவரில் நின்றிருக்கிறது.

காற்றழுத்தத்தைக் கூட்டினால் கொஞ்சம் சரியாகும். முழுதாகச் சரியாக, டயரின் கால்கள் அகன்று நிற்க வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் அது பலூன் போல வயிறு தள்ளி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் பக்கச்சுவர் மடங்கி, பிறகுதான் வண்டி திரும்பும். தகுந்த அகலத்தில் மாட்டினால் பக்கச்சுவர் நிமிர்ந்து நின்று, கையின் அசைவு உடனே தரைக்குப் போகும். ரேஸ்காரர்கள் இதை எல்லை வரை கொண்டுபோவார்கள். 1989-ல் 5.5ஜே வீலோடு பிறந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு, அமெரிக்காவில் ட்ராக் ஓட்டுகிறவர்கள் 15 அங்குலத்தில் 9ஜே, இடி 36 வீலும் 225/45 டயரும் மாட்டுகிறார்கள். அதற்காக ஃபெண்டர் மடிப்பைச் சுருட்டி, சக்கரத்தின் சாய்வான கேம்பரைக் கூட்டி, மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். வாரம் முழுக்க ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற காருக்கு அது வேண்டாம்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த ரிம் அகலம் முதல் எது வரை மாட்டலாம் என்று டயர் கம்பெனிகளின் அட்டவணை இருக்கிறது. 185/60 ஆர்15 என்றால் 5 முதல் 6.5 அங்குலம். 205/50 ஆர்16 என்றால் 5.5 முதல் 7.5. 225/45 ஆர்17 என்றால் 7 முதல் 8.5. வேகமாக ஓட்ட விரும்புகிறவர்கள் இந்த வரம்பின் மேல்பாதியில் இருங்கள், விளிம்பில் வேண்டாம். ஒடுங்கிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டுகிற ஸ்டைல் ஒன்று இருக்கிறது. நம் ரோட்டுக் குழியில் விழுந்தால் அடி நேராக ரிம் உதட்டில் விழும். டயர் இருக்கையிலிருந்து கழன்றுபோகவும் கூடும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

களிமண் வைத்து அளந்தோம்

இரண்டாம் முறை வாங்கப் போகும் முன், டயரிலிருந்து தொடங்கினேன். பழைய டயரின் முழு விட்டம் 603 மி.மீ. 205/55 ஆர்16 எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் விட்டம் 632, ஏறக்குறைய 5 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டரும் கியரும் தப்பாகும். 205/50 ஆர்16 என்றால் 611. ஒன்றரை சதவீதத்துக்குள். பாரம் தாங்கும் எண் 87, அதாவது 545 கிலோ. பழையது 84, 500 கிலோ. பக்கச்சுவர் 102 மி.மீ. உயரம். நான் முதலில் மாட்டிய 17 அங்குல டயரில் அது 82 மட்டுமே. பொள்ளாச்சி ரோட்டின் வேகத்தடைகளுக்கு அந்த 20 மி.மீ. தேவை.

வீல் 16 அங்குலம், அகலம் 7ஜே என்று முடிவு செய்தேன். ஆஃப்செட்டுக்கு அண்ணனிடம் போனோம். பழைய வீல் மாட்டியிருக்கும்போதே, ஸ்ட்ரட் குழாயில் டயருக்கு நேராகப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டினார். சக்கரத்தைக் கையால் சுற்றினார், கழற்றினார், மீதியிருந்த களிமண்ணை ஸ்கேலால் அளந்தார். 25 மி.மீ. இடைவெளி. உள்பக்கம் இவ்வளவு இடம் காலியாக இருக்கும்போது நான் வெளியே தேடியிருக்கிறேன்.

இங்கே அவர் சொன்ன ஒரு நுட்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே மேலும் கீழும் போகும். ஆகவே அங்கே 6, 7 மி.மீ. மிஞ்சினால் போதும், டயரின் நெளிவுக்கு மட்டுமே இடம் விட வேண்டும். ஃபெண்டர் அப்படியல்ல. அது அசையாமல் நிற்கும். சக்கரம் அதை நோக்கி ஏறி வரும். அங்கே தாராளமாக இடம் விட வேண்டும். முன்சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி உள் லைனரையும், பின்சீட்டில் ஆளை ஏற்றிப் பின் ஃபெண்டரையும் பார்க்காமல் முடிவு செய்யவே கூடாது.

7ஜே, இடி 45 என்ற கணக்கு வந்தது. உள்ளே 17.7 கூடும், வெளியே 7.7 கூடும். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் மிஞ்சும். ஐரோப்பிய போலோவின் 46-க்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி வந்து நின்றோம்.

கடையில் வீலைப் பார்த்தபோது எண்ணை நம்பாமல் அளந்தோம். வீலை முகம் கீழே இருக்கும்படி துணியில் கவிழ்த்து, பின் உதடுகளின் மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப் ஒட்டும் முகம் வரை ஸ்கேலை இறக்கினோம். 146 மி.மீ. உதடுகளையும் சேர்த்த முழு அகலம் சுமார் 203. அதில் பாதி 101.5. கழித்தால் 44.5. பொறித்த எண் உண்மைதான். இரண்டு நிமிஷ வேலை.

மிச்சம் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலோவின் ஹப் 57.1 மி.மீ.; வெளியில் வாங்கும் வீலின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். நடுவில் சரியான அளவு வளையம் போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது, 90-க்கு மேல் கை நடுங்கும். போல்ட்டின் தலையடியையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் போல்ட் உருண்டை அடி. வெளி வீல்கள் பல கூம்பு அடிக்குத் துளைத்தவை. உருண்டையைக் கூம்பில் முறுக்கினால் இறுகியது போலத் தோன்றும், ஓரக் கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். நாளடைவில் தளரும். 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஃபியட் காரின் 98 மி.மீ. வட்டத்தில் 100 மி.மீ. வீலை இழுத்து மாட்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர்தானே என்பார்கள். அந்த போல்ட்டுகள் நாள் முழுக்க வளைந்த நிலையிலேயே பாரம் சுமக்கின்றன.

எடையும் முக்கியம். ஜப்பானின் ரேய்ஸ் (Rays) நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த டிஇ37 வீலின் பெயரில் உள்ள 37, அதன் 15 அங்குல 6ஜே அளவு வெறும் 3.7 கிலோ என்பதைக் குறிப்பது. அந்த விலை கொடுக்க முடியாதவர்கள் தராசையாவது கேட்டு வாங்கி, பழைய வீலையும் புதியதையும் நிறுத்துப் பாருங்கள். சக்கரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சஸ்பென்ஷன் தூக்க வேண்டிய கிலோ.

செட்டிப்பாளையத்துக்கு மறுபடி போனோம். அதே பையன், அதே சாக்பீஸ். ஆறு சுற்றுக்குப் பிறகு வெள்ளை முக்கோணக் குறியிலேயே நின்றிருந்தது. ஸ்டீயரிங் கனக்கவில்லை, துடிக்கவில்லை. அடுத்த மாதம் அதே நான்கு பேர் வால்பாறை போய் வந்தோம். 40 வளைவிலும் சத்தம் இல்லை.

முதலில் வாங்கிய 17 அங்குல வீல்கள் நான்கும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள், இருவருக்கும் போலோ. கொடுக்கவில்லை.

நீங்கள் வீல் வாங்கப் போகிறீர்கள் என்றால், முந்தின நாள் உங்கள் காரின் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்து, பின்னால் உள்ள எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டயரிலிருந்து ஸ்ட்ரட் வரையும் ஃபெண்டர் வரையும் உள்ள இடைவெளிகளை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். கடைக்காரரிடம் முதலில் ஆஃப்செட் என்ன என்று கேளுங்கள், பிறகு விலை. ஆஃப்செட்டைச் சொல்லத் தெரியாத கடையில், எவ்வளவு அழகான வீலாக இருந்தாலும், வாங்காதீர்கள்.